மில்லிமீட்டர் சட்டை போட்ட இஞ்ச்

அத்தியாயம் 6

"அவனுக்கு வேலை போகணும் சார். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சுனிதா இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. கறிக்கடையில் எலும்பில்லாத கறி கேட்கிற குரலில் சொன்னாள். எதிரே சம்பங்கி சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான், டெய்சி, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தமே ரெண்டு பேர். அவர் மூளை, நான் வாய்.

வருஷம் 2001. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம், அதாவது மைன்ஸ், மூடி எட்டு மாதமாகியிருந்தது. சம்பங்கி சார் இருபத்திரண்டு வருஷம் ஷாஃப்ட் வாசலில் காவலுக்கு நின்று, ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களைச் சோதனை போட்டவர். டிபன் பாக்ஸைத் தட்டிப் பார்த்தே உள்ளே தங்கக்கல் இருக்கிறதா, தயிர்சாதம் மட்டும்தானா என்று சொல்லிவிடுவார். நான் அங்கேயே ஆபீசில் டைப்பிஸ்ட். ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது. ஆகவே 'வேலை போகணும்' என்று ஒருத்தி கேட்டால் அதன் கனம் எங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தும் அன்று நான் சுனிதா பக்கம்தான் இருந்தேன்.

பின்னே என்ன? அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை பவன், பெங்களூரு. போன வாரம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை போயிருக்கிறது. 1999 ஜூன் மாதம், மணமகள் சுனிதா, மணமகன் ஸ்ரீநிவாஸ். அதாவது, உங்கள் மருமகளுக்கு ரெண்டு வருஷம் முன்பே கல்யாணம் ஆகிவிட்டது என்று அர்த்தம். முழுப் பொய். பவன் வீட்டில் அன்றைக்கே கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்ரீநிவாஸ் யாரென்றால், ஃபேக்டரி டிராயிங் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். அஞ்சு வருஷமாக காண்டிராக்ட்டில் இருக்கிறான். இந்த மாதம் பர்மனென்ட் ஆக வேண்டும். சுனிதா குடும்பத்தில் பெண் கேட்டு, இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவன் என்று பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். ஃபேக்டரி செக்யூரிட்டி ஆபீசர் எங்கள் சாருக்குப் பழைய சிநேகிதர். 'இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள நீ ஒரு பக்கம் எழுதிக் கொடு சம்பங்கி, அவன் கதையை முடிச்சுடறேன்' என்று சொல்லியிருந்தார். ஒரு பக்கம். அதில் ஒருத்தன் சோறு.

"பத்திரிகையில அவன் பேரையே போட்டிருக்கான்," என்றார் சார். "எந்தத் திருடன்மா தன் பேரை எழுதி வெச்சுட்டுப் போவான்?"

"லவ்வுல விழுந்த திருடன் போடுவான் சார். மரத்துல கூட செதுக்குவான்," என்றேன் நான்.

சுனிதா என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். "டெய்சிக்கா சொல்றதுதான் சரி. சீக்கிரம் எழுதுங்க சார்."

அவள் படியிறங்கிப் போனாள். ஊருக்குள்ளேயே கோரமண்டல் என்கிற பகுதியில் அவளுக்கு டெய்லர் கடை. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பத்திரிகையை எடுத்தார். பின்பக்கம், ஓரம், மடிப்பு எல்லாம் பார்த்தார். கடைசியில் மோந்தும் பார்த்தார்.

"சாப்பிட்டுடாதீங்க சார். ஒரே ஒரு காப்பிதான் இருக்கு."

"எழுந்திரு டெய்சி. இந்த மையும் இந்த அட்டையும் ராஜப்பா கடையோடது."

* * *

ராஜப்பாவின் டி.டி.பி. சென்டர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஃபேன், ஐம்பது வயது ராஜப்பா. கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கும் விடுவார். வாய் மட்டும் வாடகை இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

"சார், தேவ்ராணே சத்தியமா நான் போடலை," என்றார், நாங்கள் உட்காருவதற்கு முன்பே. "என் மிஷின்ல எவனோ போட்டுட்டுப் போயிட்டான். ஃபைல் கூட உள்ளதான் கீது. நானே நேத்துதான் பாத்தேன்."

"எப்ப போட்டான்?"

"பதினொண்ணாந்தேதி. எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க."

"கேக்கலைன்னாலும் சொல்லத்தானே போறீங்க," என்றேன்.

"பன்னெண்டாந்தேதி காலைல வந்து ஒக்காந்தேன். ஒரு கல்யாண கார்டு வேலை. கோரல் டிராவைத் தொறந்து புது பேஜ் எடுத்தேன். எப்பவும் போல அஞ்சுக்கு ஏழுன்னு அடிச்சேன். மொதல்ல பிள்ளையார் சுழி போட்டேன் சார். சுழி பேஜை விட்டு வெளிய போயி நிக்குது. இன்னாடா இது, விநாயகனுக்கே எடம் பத்தலையான்னு பாத்தா, அளவு எம்எம்-ல கீது. அஞ்சு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர். எறும்புக்குக் கல்யாணம்னாதான் அந்த கார்டு சரி."

"நீ எதுல வெச்சிருப்ப?"

"இஞ்ச் சார். இந்தப் பேட்டையில எல்லா கடையும் இஞ்ச்தான். எம்எம்-ல வேலை செய்யறவன் ஒருத்தன்தான். அந்த டிராயிங் ஆபீஸ் ஸ்ரீநிவாஸ். சாயங்காலம் வந்து பிரைவேட்டா வேலை பண்ணுவான். ஆரம்பத்துல அளவை மாத்திட்டு அப்படியே எழுந்து போயிடுவான். நான் கத்தினேன். அதுலேர்ந்து அவன் ஃபைலுக்கு மட்டும் மாத்திக்கிட்டு ஒழுங்கா இருந்தான். பதினொண்ணாந்தேதி ராத்திரி பாருங்க, மறுபடி புத்தியைக் காட்டிட்டான்."

சார் மெதுவாகக் கேட்டார். "ஒரு ஃபைலுக்கு மட்டும் மாத்தறதுக்கும், எல்லாத்துக்கும் மாத்தறதுக்கும் வித்தியாசம் கீதா?"

"ஆமா சார். ஒரு ஃபைல்ல மாத்தினா அந்த ஃபைலோட போச்சு. இனிமே தொறக்கற எல்லா புது பேஜும் எம்எம்-ல வரணும்னா, ஆப்ஷன்ஸுக்குள்ள போயி தனியா டிக் போடணும். ரூலர்னு ஒரு எடம், அதுக்கும் தனியா ஒரு டிக்."

"ரெண்டு டிக்கு. வேலை மெனக்கெட்டு."

"ஆமா சார். சும்னே, தானா நடக்காது."

சார் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கெட்டவன் சோம்பேறியாக இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

வாடகை நோட்டைப் பார்த்தோம். பதினொன்றாம் தேதி சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை ஸ்ரீநிவாஸ், கையெழுத்தோடு. காலையில் பத்து முதல் ஒரு மணி வரை வெறுமனே 'லேடீஸ்' என்று எழுதியிருந்தது. நடுவில், ஒரு மணியிலிருந்து ஆறு வரை, 'கரண்ட் இல்ல'.

"லேடீஸ்னா யாரு?" என்றேன்.

"கொத்தில்லா அம்மா, தெரியாது. மூணு நாலு பேர் வருவாங்க. பிளவுஸ் டிசைன், எம்ப்ராய்டரி டிசைன் போட்டு பிரின்ட் எடுத்துட்டுப் போவாங்க. பொம்பளைங்க பேரை எல்லாம் நான் எழுதறதில்ல."

"ரொம்ப மரியாதை," என்றேன்.

* * *

ரெண்டேகால் மணிக்கு, முதல் ஷிப்ட் முடிந்து ஸ்ரீநிவாஸ் அங்கேயே வந்து சேர்ந்தான். நாங்கள் வந்திருக்கிற சேதி அவனுக்குப் போயிருந்தது. முப்பது வயது. சட்டைப்பையில் நாலு பேனா, நாலும் நேராக. வந்ததும் வராததுமாக ராஜப்பா மேஜையில் கோணலாக இருந்த காகிதக்கட்டைத் தட்டி நேராக வைத்தான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஆளைப் பார்க்கும்போதே அளவெடுக்கிற கண்.

"நான் போடலை சார்," என்றான். "அந்தப் பொண்ணை நான் கேக்கவே இல்ல. அவளோட அக்காவைத்தான் கேட்டேன், நாலு வருஷம் முன்னாடி. இல்லைன்னாங்க, வந்துட்டேன். அவ்ளோதான் கதை."

"பதினொண்ணாந்தேதி இங்க இன்னா பண்ண?"

"ஒரு பம்ப் கம்பெனிக்குக் கேட்லாக். என் ஃபைலுக்கு மட்டும் எம்எம் வெச்சுக்குவேன். பொதுவுல கை வெக்க மாட்டேன். ஒரு தடவை இவர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா?"

"மறந்திருக்கலாம்."

"நான் மறக்கற ஆள் இல்ல சார்." அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அப்புறம் குரல் இறங்கியது. "அஞ்சு வருஷம் காண்டிராக்ட்ல ஓட்டிட்டேன். இந்த மாசம் ஆர்டர் வரணும். மைன்ஸும் போச்சு, இந்த ஊர்ல இதை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல. ஒரு காகிதத்துல என் கழுத்தை அறுத்துடாதீங்க."

"நாலு மணிக்கு என் ஆபீசுக்கு வா," என்றார் சார்.

அவன் போனதும் நான் சொன்னேன், "நடிப்பு பிரமாதம் சார். பேனாவைப் பாத்தீங்களா? அவ்வளவு சுத்தமா இருக்கறவன்தான் அசிங்கமான வேலை செய்வான்."

"உனக்கு அவனைப் பிடிக்கலை. அது சாட்சி இல்ல," என்றார். "அந்தப் பத்திரிகை ஃபைலைத் தொற."

திறந்தேன். கம்ப்யூட்டரை ராஜப்பாவிடமிருந்து பிடுங்கி உட்கார எனக்கு எப்போதுமே ஆசை. திரையில் பத்திரிகை வந்தது. ஓரத்து ரூலரில் மில்லிமீட்டர். பத்திரிகைக்குக் குறுக்கும் நெடுக்கும் நீல நிறத்தில் புள்ளிக்கோடுகள். எழுத்தை வரிசையாக நிறுத்தி வைக்க டிசைன் செய்கிறவர் இழுத்துக்கொள்கிற கோடுகள் அவை. பிரின்ட்டில் வராது.

"இந்தக் கோடெல்லாம் எவ்வளவு தூரத்துல கீதுன்னு பாக்க முடியுமா?"

"பட்டியலே வரும் சார்." கொண்டு வந்தேன். படித்தேன். "ஓரத்துலேர்ந்து 6.35. அப்புறம் 9.525. 12.7. 15.875. 25.4."

"இப்ப அவனோட பம்ப் கேட்லாக்கைத் தொற."

அதையும் திறந்தேன். "10. 15. 20. 25. 40."

சார் என்னைப் பார்த்தார். இவர் இப்படிப் பார்த்தால் நான் யோசிக்க வேண்டும் என்று அர்த்தம். எனக்கு அது பிடிக்காது. இருந்தாலும் ரெண்டு பட்டியலையும் பார்த்தேன். மில்லிமீட்டரில் வேலை செய்கிறவன் பத்து வைப்பான், பதினைந்து வைப்பான். 12.7 என்று எவன் வைப்பான்? கருவேப்பிலைக் கட்டு கேட்கப் போய் 'ஒண்ணேகாலே அரைக்கால் கட்டு' என்று யாராவது கேட்பார்களா?

ராஜப்பாவின் கால்குலேட்டரை இழுத்தேன். ஒரு இஞ்ச் என்பது 25.4 மில்லிமீட்டர். அது டைப்பிஸ்டுக்கும் தெரியும். 12.7-ஐ அதால் வகுத்தேன். அரை. 6.35-ஐ வகுத்தேன். கால்.

"சார்," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "இதைப் போட்ட ஆள் இஞ்ச்ல போட்டிருக்கு. கால் இஞ்ச், அரை இஞ்ச், ஒரு இஞ்ச். எல்லாம் முடிச்ச அப்புறம் அளவை எம்எம்-க்கு மாத்தியிருக்கு. கோடு நின்ன எடத்துலயே நிக்குது, நம்பர் மட்டும் மாறிடுச்சு. இந்த நம்பருங்க எல்லாம் மில்லிமீட்டர் சட்டை போட்டுக்கிட்ட இஞ்ச் சார்."

"ம். அந்தச் சட்டையை யாருக்காகப் போட்டு வெச்சாங்க?"

"நம்மளுக்காக. ராஜப்பா மறுநாள் பிள்ளையார் சுழி போடும்போது கத்தணும், ஸ்ரீநிவாஸ் பேரைச் சொல்லணும். அதுக்குத்தான் ரெண்டு டிக்கு." இதைச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தனைத் தூக்கில் போடக் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன், காலையிலிருந்து. கயிறு இன்னொருத்தர் கொடுத்தது.

"அய்யோ, அப்ப நானா?" என்றார் ராஜப்பா. "இஞ்ச்னா என் மேலதானே வரும்."

"உங்க மேல வராது. ரெண்டு நம்பர் உங்களைக் காப்பாத்துது," என்றேன், வகுத்துக்கொண்டே. "9.525, அது மூணு அரைக்கால் இஞ்ச். 15.875, அது அஞ்சு அரைக்கால். நீங்க அரைக்கால்ல கணக்கு வெப்பீங்களா?"

"நானா? பாயிண்ட் மூணு, பாயிண்ட் நாலு, போயிட்டே இருப்பேன். அரைக்கால் இஞ்ச்சுன்னா ஒரு நூல். நூல் கணக்கு தச்சுப் பட்டறையில பாப்பாங்க, கொத்தனார் பாப்பான், அப்புறம்..."

அவர் நிறுத்திவிட்டார். சார் வாடகை நோட்டில் 'லேடீஸ்' என்ற வரியின்மேல் விரலை வைத்திருந்தார்.

"அப்புறம் டெய்லர்," என்றார்.

* * *

ஆட்டோவில் கோரமண்டல் போகிற வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. சார் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பார்.

சுனிதாவின் கடை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், வீட்டின் முன்னறை. அவள் பிளவுஸ் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மேஜைமேல் அளவு நோட்டு திறந்து கிடந்தது. கழுத்து அஞ்சு இஞ்ச் மூணு நூல், கை ஆறு இஞ்ச் அஞ்சு நூல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. சார் அந்த நோட்டையும் அந்தப் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பத்திரிகையின் ஓரத்திலிருந்து எழுத்து வரை அவளுடைய டேப்பையே எடுத்து வைத்தார். மூணு நூல். அடுத்தது அஞ்சு நூல்.

சுனிதா சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்தை மாத்தலாம்மா," என்றார் சார். "அளவு மாறாது. அது கையில ஊறிப்போனது." அப்புறம் அவர் குரல் கடுமையானது. நான் அதை அவ்வளவு கடுமையாகக் கேட்டதில்லை. "இருபத்திரண்டு வருஷம் ஷாஃப்ட் வாசல்ல நின்னேன். எடுக்காதவன் பையில கல்லைப் போட்டுப் புடிச்சுக் குடுத்ததில்ல. என் கையால அதைப் பண்ண வெக்கப் பாத்தியே."

"எடுக்காதவனா?" என்றாள் சுனிதா. "இருங்க."

உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டு வந்தாள். அதிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர். 1998-ஆம் வருஷத்து முத்திரை. அனுப்புநர் பெயர் இல்லை. மொட்டைக் கடுதாசி.

"எங்க அக்கா நேத்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமாயி ஒன்பதாவது நாள் மாப்பிள்ளை வீட்டுக்கு இது போச்சு. அவங்க இதை எங்கப்பா மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டுப் போனாங்க. அக்காவுக்குப் பின்கழுத்துல ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. பின்னல் மறைச்சுடும். குஷ்டம்னு எழுதினான் சார். அது குஷ்டம் இல்ல, ஒண்ணும் இல்ல, தோல் நெறம் மட்டும்தான். ஊரே நம்புச்சு. அதுக்கப்புறம் வந்த ரெண்டு எடமும் வாசலோட போச்சு. அக்கா கோலார்ல வேலை பாத்துக்கிட்டு ஹாஸ்டல்ல கீறா. மூணு வருஷமா ஒரு பண்டிகைக்கும் இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கலை."

"எழுதினது ஸ்ரீநிவாஸ்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அவன் குவார்ட்டர்ஸ் ஜன்னல்லேர்ந்து எங்க பின்கட்டு தெரியும். அக்கா தலை காய வெக்கறது அங்கதான். எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். ஆனா போலீஸ் ஸ்டேஷன்ல சாட்சி கேட்டாங்க. கையெழுத்து எடது கையில எழுதினது. சாட்சி இல்லைன்னுட்டாங்க." அவள் மூக்கு நுனி சிவந்தது. "அவன் செஞ்சதுக்குச் சாட்சி இல்ல. அதான் அவன் செய்யாததுக்கு நான் சாட்சி பண்ணேன். ஒரு காகிதத்துல எங்க அக்கா வாழ்க்கையை முடிச்சான். ஒரு காகிதத்துல அவன் வாழ்க்கை முடியட்டும்."

"அதுக்கு உன் கல்யாணத்தையேவா?"

"பவன் வீட்டுக்கு நான்தான் தபால் போட்டேன். ஒரு போன் பண்ணி, 'சுனிதா, இது உண்மையா'ன்னு அந்த ஆள் கேட்டிருந்தா, அழுது எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். கேக்கலை டெய்சிக்கா. காகிதத்தை நம்பினாரு. அக்காவைப் பண்ணிக்கறதா இருந்தவரும் அப்படித்தான்."

எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ரெண்டும் செய்யவில்லை.

சார் அந்த இன்லண்ட் லெட்டரைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நின்றார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் தடவை படித்தார்.

"இதை மூணு வருஷமா டப்பாவுல வெச்சிருந்தியா?" என்றார். "அடப் பைத்தியக்காரப் பொண்ணே. நாலு மணிக்கு ஆபீசுக்கு வா. இதையும் எடுத்துட்டு வா."

* * *

நாலு மணிக்கு ஸ்ரீநிவாஸ் வந்தான். சுனிதா ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் நின்றான்.

"பத்திரிகையை நீ போடலை," என்றார் சார். "அப்படித்தான் ரிப்போர்ட் எழுதப் போறேன்."

அவன் நீளமாக மூச்சு விட்டான். அப்புறம் யார் செய்தது என்று சார் சொன்னார். சுனிதா இல்லையென்று சொல்லவில்லை. ஸ்ரீநிவாஸின் முகம் ஒரு நிமிஷத்தில் மாறிவிட்டது. கும்பிட்டு வந்தவன் நிமிர்ந்துவிட்டான்.

"விட மாட்டேன்," என்றான். "கேஸ் போடுவேன். கோலார் கோர்ட்டுக்கு இழுப்பேன். ஜெயில்ல களி தின்ன வெக்கலைன்னா பாருங்க. யாருகிட்ட விளையாடறா?"

"தாராளமா போடு. அது உன் உரிமை," என்றார் சார். "அதுக்கு முன்ன சின்ன உதவி. வேற ஒரு கேஸ். எங்களுக்கு ஒரு அளவு புரியலை. நாங்க மைன்ஸ்காரங்க, அடிக்கணக்குதான் தெரியும்."

ஒரு வெள்ளைக் காகிதத்தை அவன் பக்கம் தள்ளினார். நான் டைப் அடித்தது. 'நீளம் 35, அகலம் 20.' அவ்வளவுதான்.

ஸ்ரீநிவாஸ் எட்டிப் பார்த்தான். "முப்பத்தஞ்சு மில்லிமீட்டர், இருபது மில்லிமீட்டர்."

"எம்எம்-னு போடலையே. இஞ்ச்சா இருக்கலாம், சென்டிமீட்டரா இருக்கலாம்."

"டிராயிங்ல யூனிட் எழுத மாட்டோம் சார். வெறும் நம்பர் போட்டா எம்எம்தான். அது எங்க வழக்கம்."

"டெய்லர் இப்படி எழுதுவாங்களா?"

"டெய்லரா?" அவன் சுனிதா பக்கம் பார்த்துச் சிரித்தான். "அவங்களுக்கு இஞ்ச்சை விட்டா இன்னா தெரியும்? டிராயிங் ஆபீஸ் ஆளைத் தவிர இந்த ஊர்ல ஒருத்தனும் இப்படி எழுத மாட்டான்."

நான் அதை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டேன். சார் இன்லண்ட் லெட்டரைப் பிரித்து, அந்த வெள்ளைக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தார். படித்தார்.

"'பெண்ணின் பின்கழுத்தில் பின்னலுக்கு அடியில் நீளம் 35, அகலம் 20 வெண்குஷ்டம் உள்ளது.' தொண்ணூத்தி எட்டு, ஆகஸ்ட். எடது கையில எழுதியிருக்கான். எழுத்தை மாத்தத் தெரிஞ்சவனுக்கு அளவை மாத்தத் தெரியலை. வேற எவனா இருந்தாலும் ஒரு விரல் அகலம், ஒரு ரூபா சைஸுன்னு எழுதியிருப்பான்."

ஸ்ரீநிவாஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "டிராயிங் ஆபீஸ்ல நாப்பது பேர் கீறோம்," என்றான்.

"நாப்பது பேர்ல எங்க அக்காவைப் பொண்ணு கேட்டு இல்லைன்னு திரும்பிப் போனவன் எத்தனை பேரு?" என்றாள் சுனிதா. "எங்க பின்கட்டு தெரியற ஜன்னல் எத்தனை பேருக்கு?"

அவன் சட்டைப்பையில் இருந்த பேனாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

சார் ரிப்போர்ட் எழுதினார். ரெண்டே பத்தி. பத்திரிகையைத் தயாரித்தது சுனிதா, ஸ்ரீநிவாஸ் அல்ல. 1998-இல் வந்த கடிதத்தை எழுதியவர் ஸ்ரீநிவாஸ் என்று நம்பக் காரணம் இருக்கிறது, அவர் வாயாலேயே சொன்னது கீழே. எழுதி முடித்து, "அவனுக்காக ஒண்ணும் மறைக்கலை, உனக்காகவும் மறைக்கலை," என்று சுனிதாவிடம் சொன்னார்.

"சார்," என்றான் ஸ்ரீநிவாஸ். குரல் மத்தியானம் இருந்ததை விடக் கீழே போயிருந்தது. "ரெண்டாவது பத்தி வேணாம் சார். நான் கேஸ் போடலை. சுனிதா, இதோட விட்டுடலாம். நீயும் தப்பு பண்ணிட்ட, நானும்... உனக்கும் கேஸ் வேணாம், எனக்கும் வேணாம்."

"எனக்கு வேணும்," என்றாள் சுனிதா.

அவன் புரியாமல் பார்த்தான்.

"நீ போடலைன்னா நானே ஸ்டேஷனுக்குப் போயி, இந்த ஆள் பேர்ல பொய்ப் பத்திரிகை அடிச்சேன்னு சொல்லுவேன். ஏன் அடிச்சேன்னு கேப்பாங்க இல்ல? அப்ப இந்த லெட்டர் வெளிய வரும். நீ கோலார் கோர்ட்டு படியேறி வந்து, எங்க அக்கா கழுத்தை எங்கேர்ந்து அளவெடுத்தேன்னு சொல்லணும். எனக்கு ஆறு மாசம் குடுக்கட்டும், ஒரு வருஷம் குடுக்கட்டும். எங்க அக்கா அந்தக் கோர்ட்டுலதான் டைப்பிஸ்ட். நீ சொல்றதை அவ காதால கேக்கட்டும்."

ஸ்ரீநிவாஸ் சாரைப் பார்த்தான். சார் என்னைப் பார்த்தார். நான் என் பேனாவின் மூடியைக் கழற்றிச் சுனிதாவிடம் நீட்டினேன்.

அவள் முதல் பத்தியின் கீழே, தான்தான் செய்தது என்று எழுதி, முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.